செம்மறிக்கு வால் கீழே: புரசைவாக்கத்தில் ஆறு நாள்

ஜூலை 7, திங்கள்

பாளையங்கோட்டையில் நேற்று ராத்திரி பஸ் ஏறும்போது சனம் மொத்தமும் எனக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குத் திருச்செந்தூர் கோயில் குடமுழுக்கு. அந்தப் பக்கம் போகிற பஸ்களில் படிக்கட்டு வரை ஆள். சென்னைக்கு வந்த எங்கள் பஸ்ஸில் கால் நீட்டிப் படுக்கலாம். சுகமாகத் தூங்கியதற்குத் தண்டனை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளாம்பாக்கத்தில் கிடைத்தது. எழும்பூர் வரை போகும் என்று சொல்லித்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டிரைவர், “இதான் கடைசி, எறங்குங்க” என்றார். புரசைவாக்கத்துக்கு ஆட்டோ 900 ரூபாய். நான் சிரித்துவிட்டேன். கேட்டவரும் சிரித்தார். “சரி, 850 கொடுங்கம்மா.”

மாநகரப் பேருந்து, மெட்ரோ, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ. ஒன்பது மணிக்குச் சித்தி மகள் வீட்டில் பெட்டியை வைத்தேன். பெட்டியில் பாதி அல்வா. திருநெல்வேலியிலிருந்து அல்வா இல்லாமல் வந்தால் உறவு முறிந்துவிடும்.

எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லையே. முப்பத்திரண்டு வருஷம் ஆங்கில டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். சித்தி மகள் போகிற சபையில் கிராமத்துப் போதகர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. நடத்த வருகிறவர் அமெரிக்காக்காரர். மொழிபெயர்க்க ஒத்துக்கொண்ட தம்பிக்கு டெங்கு. “நீ வந்து நின்னாப் போதும்க்கா, ஒனக்கு என்ன, வாய்தானே” என்றாள். வாய்தான். ஆறு மணி நேரம் நின்றுகொண்டே பேசுவதில் வாய் கடைசியாகத்தான் வலிக்கிறது; முதலில் குதிகால்.

வகுப்பு சபையின் மாடி ஹாலில். தகரக் கூரை. வெளியே மெட்ரோ வேலை, ரோட்டில் பாதியைத் தகரம் அடைத்திருக்கிறது. உத்திரமேரூர், மதுராந்தகம், செய்யூர், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து 27 பேர் வந்திருந்தார்கள். பேரைவிட ஊரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறார்கள். “மதுராந்தகம், அந்த ஃபேனைப் போடுப்பா.”

அமெரிக்கருக்கு 66 வயது. நெப்ராஸ்காவில் முப்பது வருஷம் விவசாய இயந்திரங்கள் விற்றவர். 58 வயதில் அழைப்பு வந்ததாம், ‘கடல் கடந்து போய்க் கிராமத்துப் போதகர்களைப் பயிற்றுவி’ என்று. உயரம், மெதுவான பேச்சு, சட்டை முதுகு பதினைந்து நிமிஷத்தில் தொப்பல். சாயங்காலம் ஒரு களேபரம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவித்துப் படிவம் பதிய வேண்டும், தங்கவைத்தவர்கள் மறந்திருந்தார்கள். ஒரு பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவரோ மாசக்கணக்கில் அலைந்து மிஷனரி விசா வாங்கி வந்திருக்கிறார். டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசங்கம் பண்ணக் கூடாது என்று சட்டம் தெளிவாக இருக்கிறது, இருந்தும் அப்படி வந்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் ஒழுங்காக வந்தார். நம் ஆட்கள்தான் கோட்டை விடப் பார்த்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் சபைப் பெண்கள் பொங்கல், வடை, பித்தளை அண்டாவில் சாம்பார் செய்திருந்தார்கள். அமெரிக்கர் மிளகைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார், முப்பது முப்பத்தைந்து இருக்கும். ஊத்துக்கோட்டைப் பாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயாவுக்கு நாளைக்கு இட்லி குடுங்கம்மா” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

முதல் வகுப்பு ‘அழைப்பு’. அவரவர் எப்படி ஊழியத்துக்கு வந்தார்கள் என்று சாட்சி சொல்ல வேண்டும். ஒருவருக்கு மஞ்சள்காமாலை சுகமானது. ஒருவர் குடியை விட்டது. கும்மிடிப்பூண்டிப் பாஸ்டர் எழுந்து, “எனக்கு மாமியார் மூலமா வந்துச்சு அழைப்பு. பொண்ணு குடுக்கும்போதே சபையையும் சேத்துக் குடுத்துட்டாங்க” என்றார். ஹாலே அதிர்ந்தது. இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அமெரிக்கர் சிரிக்கவில்லை, ரொம்ப நேரம் தலையாட்டினார். என் மொழிபெயர்ப்பில் மாமியார் ஏதோ தீர்க்கதரிசி மாதிரி ஆகிவிட்டாள் போல.

அப்புறம்தான் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தோம். கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்து அச்சடித்திருக்கிறார்கள். நான்காம் பாடத் தலைப்பு: ‘மேய்ப்பர் எரிந்துபோதல்’. செய்யூர்ப் பாஸ்டர் பயந்துபோய்க் கேட்டார். “எந்த ஊர்ல டீச்சர்?” வேலை செய்து செய்து உள்ளுக்குள் சோர்ந்து வறண்டு போவதைத்தான் அவர்கள் நாட்டில் ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள் என்று விளக்கினேன். “அட, மனசு விட்டுப்போறது” என்றார். அவ்வளவுதான். நாலு பக்கப் பாடத்துக்கு நம்மிடம் ரெண்டு சொல் இருக்கிறது. எல்லோரும் தலைப்பை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாம் பாடத்தில் ‘உக்கிராணத்துவம்’, அதாவது ஒப்படைத்ததைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது, சரியாகவே இருந்தது. அதை யாரும் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை, ‘உக்கிராணக்காரன்’ பழைய வேதாகமத்திலேயே இருக்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். சொன்னாலே வாயில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும்.

மத்தியானம் ஒரு பெரியவர் தனியாக வந்து, தயங்கித் தயங்கி, “சிஸ்டர், நிக்கும்போது தலைக்கு முக்காடு போட்டுக்கினா நல்லாருக்கும். கம்மலும்...” என்று இழுத்தார். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை போட மாட்டார்கள், தெரியும். நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. முக்காடு போட்டுக்கொண்டேன், கம்மலைக் கழற்றவில்லை. அவரும் பாதி, நானும் பாதி. அதற்குப் பிறகு எல்லா நாளும் எனக்கு முதல் டம்ளர் டீ அவர் கையிலிருந்துதான் வந்தது.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் அமெரிக்கரை வேப்பேரிப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன். 1742ல் சென்னைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ஃபெப்ரீஷியுஸ் இங்கேதான் இருந்தார். 1761ல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கிவந்து வேப்பேரியில் கொடுத்தார்கள். அதில்தான் 1779ல் அவருடைய தமிழ் ஆங்கில அகராதி அச்சானது. வேதாகமத்தையும் தமிழில் மறுபடி மொழிபெயர்த்தார். கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார் என்று சொன்னதும் அமெரிக்கர் நின்றுவிட்டார். “அவருக்கு யார் பயிற்சி கொடுத்தது?” என்று கேட்டார். ஜெர்மனியில் ஹாலே நகரம் என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

திரும்பும்போது என் திருநெல்வேலி கர்வமும் எட்டிப் பார்த்தது. 1903ல் பாளையங்கோட்டையிலேயே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் ஆட்கள் காணிக்கை போட்டு நம் ஆட்களையே தெலுங்கு நாட்டுக்கு அனுப்பிய கதையைச் சொன்னேன். அதில் முன்நின்ற வேதநாயகம் அசரியா வேளாளன்விளைக்காரர். 1910ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். அமெரிக்கர் பேரை எழுதித் தரச் சொன்னார். எலுமிச்சை சோடா 25 ரூபாய், உப்பு தூக்கல்.

ஜூலை 9, புதன்

இன்றைக்குப் பாடம் ‘நல்ல மேய்ப்பன்’.

திரையில் படம் போட்டார். பச்சைப் புல்வெளி, பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளை ஆடுகள். மத்தேயு 25: கடைசி நாளில் மேய்ப்பன் செம்மறியாடுகளை வலது பக்கமும் வெள்ளாடுகளை இடது பக்கமும் பிரிப்பான். “பார்த்தவுடனே தெரிந்துவிடும், இல்லையா?” என்று கேட்டார். நானும் அப்படியே தமிழில் சொன்னேன். நான் வளர்ந்தது டீச்சர் வீட்டில், எனக்கு ஆடு குழம்பில்தான் தெரியும்.

பின்வரிசையில் உத்திரமேரூர்ப் பாஸ்டர் கையைத் தூக்கினார். நாற்பது வயது இருக்கும். மூன்று நாளாக வாயே திறக்காதவர். “டீச்சர், எங்க செம்மறிக்கு மயிரே கெடையாது. செவப்பா இருக்கும். தூரத்துல பாத்தா வெள்ளாடு மாதிரியேதான் இருக்கும்.”

அவரிடம் நாற்பது செம்மறி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முப்பது பேர் வருவார்கள். “சபையவிட ஆடு ஜாஸ்தி” என்றார், சிரிக்காமல். சென்னையைச் சுற்றி காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இருப்பது மெட்ராஸ் சிவப்பு என்ற இனம். கம்பளி கிடையாது, வெறும் முடி. நினைத்துப் பார்த்தால் செம்மறி என்ற பேரிலேயே சிவப்பு இருக்கிறது. ஐம்பத்தொன்பது வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் காதில் விழவில்லை.

“அப்ப எப்படிப் பிரிப்பீங்க?” என்று அமெரிக்கர் கேட்டார்.

“வாலு. வெள்ளாட்டுக்கு மேல தூக்கி நிக்கும். செம்மறிக்கு கீழ தொங்கும்.”

இதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வானம் கொட்டியது. காலையிலிருந்து வெந்து கிடந்த தகரக் கூரைமேல் மழை. நான் கத்தினேன், அவர் கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. கரண்டும் போயிற்று. உத்திரமேரூர்ப் பாஸ்டர் எழுந்து முன்னால் வந்து, முழங்கையைப் பின்னால் மடக்கி, உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினார்: வெள்ளாடு. அப்புறம் கையைத் தொங்கவிட்டார்: செம்மறி. அமெரிக்கர் அதே மாதிரி செய்து காட்டினார். 27 பேரும் கை தட்டினது மட்டும் மழையைத் தாண்டிக் கேட்டது.

அரை மணியில் மழை விட்டது. கீழே போனால் மெட்ரோ பள்ளத்தையொட்டி முழங்கால் தண்ணீர். என் செருப்பில் ஒன்று டவுட்டன் பக்கமாக மிதந்து போனது. புதுச் செருப்பு 280 ரூபாய், பேரம் பேசியும் பத்து ரூபாய்தான் குறைத்தான்.

ஜூலை 10, வியாழன்

“நாளைக்குக் காலைல புளியந்தோப்புக்குப் போலாமா டீச்சர், ஐயா கண்ணால பாக்கட்டும்” என்று நேற்றே உத்திரமேரூர்ப் பாஸ்டர் கேட்டிருந்தார். ஆட்டுத்தொட்டி. மாநகராட்சியின் ஆடறுக்கும் இடம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஆனால் நான் இல்லாமல் அவர்கள் ரெண்டு பேரும் என்ன பேசிக்கொள்வார்கள்? ஐந்து மணிக்கு ஆட்டோ, 120 ரூபாய்.

உள்ளே போகவில்லை. வெளியே தெருவிலேயே லாரியிலிருந்து ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாதி வெளிச்சம். நேற்றைய மழைச் சேறு, ரத்த வாடை, டீக்கடைப் பாலின் வாடை, எல்லாம் ஒன்றாக. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அமெரிக்கர் குனிந்து குனிந்து வால்களைப் பார்த்தார். “செம்மறி. செம்மறி. வெள்ளாடு.” சொல்லிப் பார்க்கிறார். முதல் ஏழெட்டில் ரெண்டு தப்பு. டீக்கடையில் நின்றிருந்த கறிக்கடைக்காரர் ஒருவருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. “சார் வாங்க வந்துக்கிறாரா?” படிக்க வந்திருக்கிறார் என்றேன். அவர் எங்கள் மூன்று பேருக்கும் டீ சொன்னார், காசு வாங்க விடவில்லை.

இறங்கின வெள்ளாடுகள் அத்தனையும் கத்தின. குழந்தை அழுகிற மாதிரி. செம்மறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலையை அடுத்ததன் வயிற்றுக்கடியில் கொடுத்து நின்றன. சத்தமே இல்லை. உத்திரமேரூர்ப் பாஸ்டர் மெதுவாக, “அதுங்க கத்தாது டீச்சர்” என்றார். அடிக்கக் கொண்டுபோகிற ஆட்டுக்குட்டி மாதிரி வாயைத் திறக்காதவர் என்கிற ஏசாயா 53 மூன்று பேருக்குமே ஞாபகம் வந்திருக்கும், யாரும் வசனம் சொல்லவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வகுப்பில் அமெரிக்கர் இன்றைக்குப் படம் எதுவும் போடவில்லை. பாடம் மந்தமாகப் போயிற்று, உண்மையைச் சொன்னால் அவர் மனசு அங்கே இல்லை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. அவர் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிளகுக்குப் பயந்தவர்!

ஜூலை 11, வெள்ளி

காலையில் செய்யூர்ப் பாஸ்டர் பையோடு வாசலில் நிற்கிறார். சொர்ணவாரிப் பருவத்து நெல் விளைந்து நிற்கிறது, அறுப்பு மிஷின் இன்றைக்குத்தான் அவர்கள் ஊருக்குள் வருகிறதாம், விட்டால் பத்து நாள் ஆகும், அதற்குள் மழை. “ஐயா தப்பா நெனச்சுக்குவாரு, நீங்க சொல்லுங்க டீச்சர்.” நான் வாயைத் திறக்குமுன் அவர் கையால் அறுப்பு மிஷின் மாதிரி சைகை காட்டியதைப் பார்த்து அமெரிக்கர் “கம்பைன்?” என்றார். அவ்வளவுதான், ரெண்டு பேரும் அரை மணி நேரம். டயரா, பெல்ட்டா? ஈர வயலில் இறங்குமா? மணிக்கு எவ்வளவு வாடகை? வைக்கோல் என்ன ஆகும்? நெப்ராஸ்காவில் ஜூலையில் கோதுமை அறுப்பு நடக்குமாம். மழைக்கு முன்னால் மிஷின் கிடைக்காதவன் முகம் எப்படி இருக்கும் என்று தனக்கு முப்பது வருஷமாகத் தெரியும் என்றார். இந்த மனுஷரை நான் நாலு நாளாக மொழிபெயர்த்திருக்கிறேன், இவ்வளவு வேகமாக அவர் பேசிக் கேட்டதே இல்லை.

நாள் கணக்கு இங்கே சின்ன விஷயம் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் பெயின்ட் அடிப்பது, தையல், கூலி என்று வேறு வேலை பார்த்துத்தான் ஊழியம் செய்கிறார்கள். ஐந்து நாள் இங்கே உட்கார்ந்தால் ஐந்து நாள் கூலி போச்சு. சாப்பாடும் பஸ் சார்ஜும் கொடுத்துவிட்டால் பயிற்சி இலவசம் என்று நோட்டீஸில் போட்டுவிடலாம். இலவசம் இல்லை.

பதினொரு மணிக்கு அமெரிக்கர் ஒரு காரியம் செய்தார். புத்தகத்தை மூடிவிட்டு, உத்திரமேரூர்ப் பாஸ்டரை முன்னால் கூப்பிட்டு, தான் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நோட்டும் பேனாவும் எடுத்து என்னைப் பார்த்தார். இதுவரை இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு, இனி தலைகீழ். ஒரே ஒருத்தருக்காக.

பாஸ்டருக்கு முதலில் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தார். மேய்ச்சலுக்குப் போகும்போது மேய்க்கிறவன் முன்னால் நடப்பான். திரும்பும்போது பின்னால். ஏன்? நொண்டியும் அன்றைக்குப் போட்ட குட்டியும் பின்தங்கும், அதைப் பையில் போட்டுக்கொண்டு வரணும். “யோவான் பத்துல முன்னால நடப்பான்னுதான் இருக்குது. சாயங்காலத்தைப் பத்தி அங்க எழுதல.” உச்சி வெயிலில் செம்மறிகள் வட்டமாக நின்று ஒன்றன் வயிற்று நிழலில் ஒன்று தலையைக் கொடுக்கும், அப்போது விரட்டக் கூடாது, விரட்டினால் சுருண்டுவிடும். வெள்ளாடு மழையில் நனையாது, ஓடி ஒதுங்கும். செம்மறி அப்படியே நிற்கும், நாம்தான் ஒதுக்கணும். ராத்திரியில் அறுத்த வயலில் ஆடுகளைப் படலுக்குள் மடக்கிக் கிடை போடுவார்கள். வயல்காரர் ராத்திரிக்கு முன்னூறு நானூறு ரூபாயும் சோற்றுக்கு அரிசியும் கொடுப்பார். ஆட்டுப் புழுக்கை, மூத்திரம் அத்தனையும் வயலுக்கு எரு. மறுநாள் படலைப் பிடுங்கித் தள்ளிப் போடணும், ஒரே இடத்தில் ரெண்டு ராத்திரி கிடை போட்டால் எரு மிஞ்சிப் பயிர் சாய்ந்துவிடும்.

அமெரிக்கர் கை தூக்கினார். பட்டிக்கும் கிடைக்கும் என்ன வித்தியாசம்?

“பட்டி அங்கயே இருக்கும். கிடை நகரும்.”

ரெண்டுக்கும் என்னிடம் ஒரே ஆங்கிலச் சொல்தான் இருந்தது. சுற்றி வளைத்து ஐந்து வாக்கியத்தில் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முக்காடு எப்போது விழுந்தது என்று தெரியவில்லை, பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

சான்றிதழ் கொடுத்தார்கள், சட்டம் போட்டு. செய்யூர்க்காரருடையதை மதுராந்தகம் வாங்கிக்கொண்டார். மட்டன் பிரியாணி. அமெரிக்கர் கறியை ஒதுக்கிவிட்டுச் சோறும் தயிர்ப் பச்சடியும் மட்டும் சாப்பிட்டார். பரிமாறிய பெண்கள் காரம் அதிகமோ என்று கவலைப்பட்டார்கள். நான் காரணம் சொல்லவில்லை. உத்திரமேரூர்ப் பாஸ்டர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். “டீச்சர், அவரு திரும்ப வருவாரா?” அடுத்த ஜூலை என்று சொல்லியிருக்கிறார் என்றேன். “ஜூலை வேணாம்னு சொல்லுங்க. அறுப்பு. ஃபிப்ரவரி கடைசின்னா நிலமெல்லாம் காலியாக் கெடக்கும். நானே கிடையில இருப்பேன், வந்து ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்க. கொசு இருக்கும்.” கொசு உட்பட எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்.

இப்போது ராத்திரி ஒன்பது. கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஏசி வேலை செய்யவில்லை, ‘வண்டி எடுத்தா வந்துரும்’ என்கிறார்கள். குதிகாலில் தைலம். கால் பெட்டி அல்வா மிச்சம் இருந்தது, அதை அமெரிக்கர் கையில் திணித்துவிட்டேன். சற்று முன் அவரிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் பதிவு. அல்வாவுக்கு நன்றி. அப்புறம் அந்த நகர்கிற பட்டிக்குத் தமிழில் என்ன சொல், தெளிவாகச் சொல்லி அனுப்ப முடியுமா?

கிடை என்று நிறுத்தி நிறுத்தி மூன்று முறை சொல்லி அனுப்பினேன். பக்கத்து சீட் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

பதில் வந்தது: “கிட்டாய்.”

மறுபடி அனுப்பியிருக்கிறேன்.